ஒலிகார்க்கிக்குச் சிலராட்சி போதுமா?

கிளிநொச்சி, ஆசிரியை:
வணக்கம். உயர்தர அரசியல் விஞ்ஞானக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒலிகார்க்கி (oligarchy), ஒலிகார்க் (oligarch) இரண்டுக்கும் தமிழ்ச்சொல் வேண்டும். நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெப்ரி விண்டர்ஸ் 2011 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒலிகார்க் ஆட்சியில் இருக்கவேண்டும் என்றில்லை. பெருஞ்செல்வம் வைத்திருப்பவர், அதைக் காக்க அரசியலில் கைவைப்பவர், அவ்வளவுதான். ஒலிகார்க்கிக்குப் பாடநூல் தரும் "சிலராட்சி" இதற்குப் பொருந்துமா?

வவுனியா:
பொருந்தாது ரீச்சர். ஆள்வோர் சிலராக இருப்பது தற்செயல், செல்வராக இருப்பதே இலக்கணம் என்று அரிஸ்டாட்டிலே சொல்லிவிட்டார். ஆனால் எந்தக் கட்சியும் கடைசியில் சில தலைவர்கள் கைக்கே போகும் என்று சமூகவியலாளர் மிஷெல்ஸ் 1911 இல் எழுதிய "இரும்பு விதி"க்குச் சிலராட்சி சரி. அங்கே அடிப்படை பதவி, பணமல்ல. செல்வராட்சியும் உதவாது. அது புளூட்டோக்கிரசிக்குப் போய்விட்டது.

முள்ளியவளை:
கோவலனின் தந்தை மாசாத்துவானைச் சிலப்பதிகாரம் "இருநிதிக் கிழவன்" என்கிறது. கிழமை என்றால் உரிமை, கிழார் என்றால் உரியவர். "நிதிக்கிழார்" என்போம்.

மாங்குளம்:
நிதி வடசொல் ஐயா. கிழமை என்றால் இன்றைய பிள்ளைக்குத் திங்கள், செவ்வாய்தான்.

முள்ளியவளை:
அப்படியானால் "பொருட்கிழார்". பழக்கமில்லை என்று தள்ளினால் எந்தச் சொல் மிஞ்சும்? பல்கலைக்கழகமும் ஒருகாலத்தில் புதுச்சொல்தானே.

நெடுங்கேணி:
எங்கள் அடங்காப்பற்று வன்னிமைகளையும், அதாவது பழைய வன்னியின் குறுநில ஆட்சிகளையும், எண்ணிப் பாருங்கள். விண்டர்ஸ் சொல்லும் நான்கு வகையில் ஒன்று, தாமே ஆயுதம் ஏந்திச் சொத்தைக் காப்பவர்கள். வன்னிமைகளின் தலைவர்களான வன்னிபங்கள் அதற்குக் கிட்ட வருவார்கள். இன்றைய பெருஞ்செல்வர் வாளைக் கீழே வைத்துவிட்டார். சட்டத்தரணி, கணக்காளர், வரி ஆலோசகர் என்று ஒரு படையே கூலிக்கு நிற்கிறது.

கிளிநொச்சி, ஆசிரியை:
அந்தப் படையின் வேலைக்கும் சொல் வேண்டும். "செல்வக் காப்பு" என்றேன். காப்புறுதியா என்று கேட்கிறார்கள்.

மாங்குளம்:
"செல்வ அரண்". குறளில் அரணுக்கு அடுத்த அதிகாரமே பொருள்செயல்வகை.

வவுனியா:
நல்ல சொல். ஒலிகார்க்குகளைச் "செல்வர்குழாம்" என்போம். "உயர்குழாம்" (elite) என்ற சொல் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும்.

நெடுங்கேணி:
எனக்குச் சம்மதம். நேரமில்லை.

கிளிநொச்சி, ஆசிரியை:
செல்வர்குழாம், செல்வ அரண் இரண்டையும் போடுகிறேன். நன்றி.

முள்ளியவளை:
நான் உடன்படவில்லை. குழாம் என்றால் கூடி நிற்பவர்கள். விண்டர்ஸின் செல்வர்கள் கூடவேண்டிய தேவையே இல்லை. ஒருவரை ஒருவர் அறியாமல் தத்தம் சொத்தைக் காத்தாலும் வரிச்சட்டம் அவர்கள் பக்கம் சாயும். குழாம் என்று படித்த பிள்ளை எங்கோ ஒரு சதிக்கூட்டத்தைத் தேடும். கிழாரை அடிக்குறிப்பிலாவது போடுங்கள் ரீச்சர்.