உள்ளொதுங்கல்: அணு அவசரகால அறிவித்தலுக்கு ஒரு சொல்

அன்பின் நண்பர்களுக்கு,

> வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லும் அறிவுறுத்தலுக்குத் 'தஞ்சமடைதல்' போதுமே. புதிதாக ஏன் ஆக்க வேண்டும்?

மதுரை நண்பரின் இந்த முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. கொழும்பிலிருந்து பார்த்தால் இது ஆபத்தான சொல். தஞ்சம், அடைக்கலம் இரண்டுமே எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டுப் புறப்படுவதைக் குறிப்பவை. போர்க்காலத்தில் கோயிலிலும் தேவாலயத்திலும் பள்ளிக்கூடத்திலும் போய் இருந்ததைத்தான் சனம் அப்படிச் சொல்லும். வானொலியில் "தஞ்சமடையுங்கள்" என்று கேட்டால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார்கள். கதிரியக்க முகில் கடந்துபோகும் நேரத்தில் ஆட்கள் நிற்கவே கூடாத இடம் தெருதான்.

நமக்கு வேண்டிய சொல் இவ்வளவையும் தாங்க வேண்டும்: பக்கத்திலுள்ள கல்வீட்டுக்குள் போ, கதவு யன்னலைச் சாத்து, வெளிக்காற்றை இழுக்கும் கருவிகளை நிறுத்து, அடுத்த அறிவித்தலுக்குக் காத்திரு. கொஞ்ச நேரத்துக்குத்தான் என்பதும் அதில் தொனிக்க வேண்டும். 2011 மார்ச் 15 அன்று ஜப்பானில், விபத்துக்குள்ளான ஃபுகுஷிமா அணு நிலையத்தைச் சுற்றி 20 முதல் 30 கிலோமீட்டர் வரையிலான வளையத்தில் இருந்தவர்களை உள்ளேயே இருக்கச் சொன்னார்கள். அது நாட்கணக்கில் நீண்டது. கடைகளுக்குப் பொருள் வரவில்லை. 25ஆம் திகதிதான் தாமாக வெளியேறும்படி கேட்டுக்கொண்டார்கள்.

'உள்ளிருப்பு' என்றால் போராட்டம் நினைவுக்கு வரும். 'ஊரடங்கு' என்ற சொல்லோடு எங்களுக்குப் பொலிசும் இராணுவமும் சேர்ந்தே வரும். 'அகத்தங்கல்' அழகான சொல்தான், ஆனால் வானொலியில் ஒருமுறை கேட்டு யாருக்கும் விளங்காது. மழைக்கு ஒதுங்குவது இரு கரையிலும் எல்லாருக்கும் தெரிந்தது: ஓடிப்போய்க் கூரைக்குள் நிற்போம், விட்டதும் கிளம்புவோம். ஆகவே என் முன்மொழிவு உள்ளொதுங்கல். வினையாக, "உள்ளே ஒதுங்குங்கள்".

> தமிழ்நாட்டில் 'ஒதுங்குவது' என்றால் வேறு பொருளும் உண்டு.

உண்டு. ஆனால் அதற்கு ஒதுங்குபவர் வெளியே போகிறார். 'உள்' சேர்ந்ததும் அந்தக் குழப்பம் போய்விடுகிறது என்று நினைக்கிறேன்.

இரு கரைக்கும் ஒரே சொல் வேண்டும் என்று நான் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. கூடங்குளம் அணு நிலையத்திலிருந்து எங்கள் மேற்குக் கரையிலுள்ள கற்பிட்டி நேர்கோட்டில் சுமார் 230 கிலோமீட்டர், கொழும்பு சுமார் 270. பெரிய உலைகளுக்குப் பன்னாட்டு அணுசக்தி முகமை சொல்லும் 300 கிலோமீட்டர் எல்லைக்குள் இரண்டும் வருகின்றன. ஆனால் அந்த எல்லை உணவுக்கும் பொருட்களுக்கும் உரியது. பால், கீரை, மழைநீர் போன்றவற்றைச் சோதித்துத் தேவையானால் தடுப்பதே அங்கே முதல் வேலை. உள்ளொதுங்கலோ உலைக்குக் கிட்ட இருப்பவர்களுக்கானது. திருநெல்வேலிப் பக்கத்துக்கான அறிவித்தல் மன்னாரிலும் காதில் விழும். அதில் 'தஞ்சம்' இருந்தால், இடம்பெயரத் தேவையே இல்லாத சனம் இங்கே இடம்பெயரும்.

1986 ஏப்ரலில் செர்னோபில் வெடித்தபோது சோவியத் அரசு அயல்நாடுகளுக்குச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் நிலையம்தான் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்தது. அதனால்தான் அதே ஆண்டு செப்டெம்பரில் வியன்னாவில் உடனறிவிப்பு உடன்படிக்கையும் உதவி உடன்படிக்கையும் பிறந்தன. இந்தியாவும் இலங்கையும் இரண்டிலும் இருக்கின்றன. 2015 பெப்ரவரியில் இரு நாடுகளும் தமக்குள் அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தமும் செய்துகொண்டன. ஆனால் தில்லியும் வியன்னாவிலுள்ள முகமையும் கொழும்பும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். கடைசியில் வீட்டு வாசலுக்கு வருவது தமிழில். அந்தத் தமிழ் இரண்டு விதமாக இருக்கக் கூடாது.

முன்கூட்டியே தயாராக இருப்பதைக் குறிக்கும் 'முன்னாயத்தம்' என்ற சொல்லுக்கும் இரு கரைக்கும் பொதுவான ஒன்று வேண்டுமா என்ற கேள்விக்கு: இலங்கையில் 'அனர்த்த முன்னாயத்தம்' நிலைபெற்றுவிட்டது, தமிழகத்தில் 'ஆயத்தநிலை'. இரண்டும் எல்லாருக்கும் விளங்கும், விட்டுவிடலாம். உணவுக்கான அந்த 300 கிலோமீட்டருக்கு 'உணவுக் கண்காணிப்பு எல்லை' சரி வருமா, சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். கீழே உள்ளதை வீட்டில் வயதானவர் ஒருவருக்கு ஒரேயொரு தடவை வாசித்துக் காட்டுங்கள். அவர் என்ன செய்வதாகச் சொல்கிறார் என்பதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

"உடனே உள்ளே ஒதுங்குங்கள். கதவு, யன்னல்களைச் சாத்துங்கள். அடுத்த அறிவித்தல் வரும்வரை வெளியே வர வேண்டாம்."