ஈசிஜி நார்மல்தானே, ஏன் இன்னும் விடவில்லை?

குழு: சுங்கை சிப்புட் குடும்பம்

சனிக்கிழமை

காலை 6.52 – ரவி: அப்பா எமர்ஜென்சியில் இருக்கிறார். ஜாகா (காவல்) வேலை முடிகிற நேரத்தில் நெஞ்சை இறுக்கிப் பிடித்திருக்கிறது, சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை. கூட வேலை செய்கிற நேப்பாள்காரர் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். நான் இப்போதுதான் வந்து சேர்ந்தேன். பேசுகிறார், யாரும் பயப்பட வேண்டாம்.

6.55 – சரோஜா: ஐயோ அண்ணனுக்கா? நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டார்? காற்றாகத்தான் இருக்கும்டா ரவி. எனோ கலக்கிக் கொடு, கோடாலித் தைலம் தடவு.

6.56 – சரோஜா: தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள், உயிர் பிழைக்கலாம். பத்துப் பேருக்கு அனுப்புங்கள் 🙏

7.03 – தேவி: அத்தை, அதை அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். இருமினால் அடைப்பு போகாது, இருமுகிற நேரத்தில் ஆம்புலன்சுக்கு 999 அடித்திருக்கலாம். ரவி அண்ணே, ஈசிஜி எடுத்தார்களா?

7.06 – ரவி: வந்ததும் எடுத்தார்கள். நார்மல் என்கிறார் டாக்டர். ஆஸ்பிரின் மென்று தின்னக் கொடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இப்போது வலி விட்டுவிட்டது. வீட்டுக்குப் போகலாம் என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறார்.

7.07 – சரோஜா: பார்த்தாயா, நார்மல். காற்றுதான்.

7.09 – கணேசன்: ஈசிஜி நல்லா இருந்தால் ஏன் இன்னும் விடவில்லை? அண்ணன் ராத்திரி முழுக்கத் தூங்காத மனுஷன், வீட்டுக்குக் கொண்டு போய்ப் படுக்க வை.

7.15 – தேவி: அப்பா, தயவு செய்து அப்படிச் சொல்லாதீர்கள். நான் வேலை செய்வதே இதய வார்டில்தான். ஈசிஜி எடுத்த அந்த நிமிடத்தில் இதயம் எப்படி இருந்தது என்று மட்டும்தான் அது சொல்லும். வலி விட்ட பிறகு எடுத்தால் நன்றாகவே இருக்கலாம். இதயத் தசை அடிபட்டால் ட்ரோபோனின் என்று ஒன்று ரத்தத்தில் கசியும், ஆனால் அது ஏறுவதற்குச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் முதல் ரத்தம் நன்றாக இருந்தாலும் மறுபடி எடுப்பார்கள். இரண்டாவது ரிசல்ட் வரும் வரைக்கும் பெரியப்பாவை நகர விடாதீர்கள் அண்ணே. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன் என்று சொன்னால் பெரியம்மாவிடம் போனைக் கொடுங்கள்.

7.18 – மணியம்: தேவி சொல்கிறபடி செய். 2011இல் நானும் இப்படித்தான் நெஞ்சு எரிச்சல் என்று வெள்ளை மருந்தாகக் குடித்துக்கொண்டிருந்தேன், கடைசியில் ஐ.ஜே.என். தேசிய இதய மருத்துவமனையில் பைபாஸ். ரவி, ஒன்று கேள். கொஞ்ச நாளாக நடந்தால் வலி, நின்றால் போய்விடுகிறது, அப்படி ஏதாவது உண்டா?

7.26 – ரவி: கேட்டேன் மாமா. தீபாவளிக்கு முன்னாடியிலிருந்தே இருக்கிறதாம். சைக்கிளில் மேட்டில் ஏறும்போது தாடை வரைக்கும் ஒரு மாதிரி இழுக்குமாம், இறங்கி நின்றால் சரியாகிவிடுமாம். அம்மாவிடம் பல் வலி என்று சொல்லியிருக்கிறார்.

7.28 – தேவி: அதை இப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள், விடாமல் சொல்லுங்கள். நடந்தால் வந்து நின்றால் போகிற வலி இதயத்து வலி. அதே வலி இன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்திருக்கிறது என்றால் இன்னும் மோசம். பெரியப்பாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) வேறு இருக்கிறது, அவர்களுக்கு வலியே பெரிதாகத் தெரியாமல் போவதும் உண்டு. இனி இப்படி வந்தால் மோட்டாரில் ஏற்றக் கூடாது. வழியில் இதயம் நின்றுவிட்டால் பின்னால் உட்கார்ந்திருப்பவரை யார் பிடிப்பது? ஆம்புலன்சில் ஷாக் கொடுக்கிற கருவி இருக்கும்.

10.41 – ரவி: இரண்டாவது ரத்தத்தில் அந்த ட்ரோபோனின் ஏறியிருக்கிறது. சின்ன மாரடைப்பு என்கிறார்கள். ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

10.42 – சரோஜா: முருகா 😭

10.44 – கணேசன்: நான் ஈப்போவுக்கே நேராகப் போகிறேன். அண்ணியை யார் கூட்டி வருகிறீர்கள்?

10.50 – சரோஜா: தேவி, அடைப்பைக் கரைக்கிற ஊசி உடனே போட வேண்டுமாமே, போட்டார்களா?

10.58 – தேவி: அது ரத்தக் குழாய் முழுசாக அடைத்து, ஈசிஜியில் கோடு மேலே தூக்கியிருந்தால் போடுவது அத்தை. அதற்குத்தான் நேரக் கணக்கு, 12 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பெரியப்பாவுடையது வேறு வகை, இதில் அந்த ஊசி உதவாது, ரத்தக் கசிவு ஆபத்துதான் கூடும். இவருக்கு ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி போடுவார்கள், பிறகு ஆஞ்சியோ, அதாவது மெல்லிய குழாயை உள்ளே விட்டு அடைப்பு எங்கே என்று பார்ப்பது.

திங்கட்கிழமை

மாலை 3.20 – ரவி: முடிந்தது. வலது மணிக்கட்டு வழியாகத்தான் குழாயை விட்டார்கள். இதயத்தின் முன்பக்க ரத்தக் குழாயில் 90% அடைப்பு, அதைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்கிற கம்பிவலை ஒன்று வைத்தாயிற்று. முழுக்க விழித்துக்கொண்டுதான் இருந்தார். இப்போது கையில் காற்று அடைத்த பிளாஸ்டிக் பட்டை கட்டியிருக்கிறது, நர்ஸ் வந்து வந்து ஊசிக் குழலால் அந்தக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுக்கிறார். அப்பா அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். டாக்டர் குழாய்ச் சுவரில் வெடிப்பு, அதன் மேல் ரத்தம் உறைந்துவிட்டது என்று படம் போட்டுக் காட்டியதும், "ரப்பர் மரத்தில் சீவின கோட்டில் ஒட்டுப்பால் பிடிக்கிற மாதிரி, அவ்வளவுதானே" என்றார். டாக்டர் சீனர், அவருக்கு நான் விளக்க வேண்டியதாயிற்று 😄

3.31 – மணியம்: மச்சான் பால்மரத்தை விடமாட்டார்.

அடுத்த மாதம், ஞாயிறு

காலை 9.10 – லெட்சுமி: தேவி, உன் பெரியப்பா சொல்பேச்சுக் கேட்பதில்லை. காலையில் கலாசாலைப் பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்து போகிறார். எனக்குத்தான் இங்கே படபடப்பு.

9.14 – தேவி: நடக்கட்டும் பெரியம்மா, டாக்டரே நடக்கச் சொன்னதுதானே. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். மூச்சு வாங்கினால் நிற்க வேண்டும். படுக்கவே வைத்திருந்தால் உடம்பும் மனசும் சேர்ந்து தளர்ந்துவிடும். பயமாக இருந்தால் நீங்களும் கூடப் போங்கள்.

9.20 – முத்து: மாத்திரை ஒரு பிடி இருக்கிறது. வலிதான் இல்லையே, பாதியை நிறுத்தலாமா? பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது.

9.26 – தேவி: நிறுத்தவே கூடாது பெரியப்பா! ஆஸ்பிரினும் குளோபிடோகிரெல்லும் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமல் காப்பவை. உங்களுக்கு ஒரு வருஷம் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். நடுவில் விட்டால் ஸ்டென்ட் திடீரென்று அடைத்துக்கொள்ளலாம். ஈறில் லேசாக ரத்தம் வருவதை டாக்டரிடம் சொல்லுங்கள், மென்மையான பிரஷ் வாங்குங்கள். மலம் கறுப்பாகப் போனால் மட்டும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி. பல் பிடுங்கப் போனாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

9.33 – சரோஜா: இந்தியாவிலிருந்து மருதம்பட்டைப் பொடி வந்திருக்கிறது, அனுப்பட்டுமா அண்ணன்?

9.35 – தேவி: டாக்டரிடம் காட்டாமல் வேண்டாம் அத்தை. பெரியப்பா, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை எங்கே இருக்கிறது?

9.37 – முத்து: மோட்டார் சீட்டுக்கு அடியில். எங்கே போனாலும் கூட வருமே.

9.40 – தேவி: வெயிலில் மோட்டார் சீட்டு கொதிக்கும், மருந்து வீரியம் போய்விடும். அந்தப் பழுப்புப் புட்டியிலேயே பையில் வைத்துக்கொள்ளுங்கள், வேறு டப்பாவில் மாற்றாதீர்கள். வலி வந்தால் முதலில் உட்காருங்கள், நின்றுகொண்டு வைத்தால் தலை சுற்றி விழலாம். 5 நிமிடத்தில் வலி விடவில்லையா, 999.

9.52 – தேவி: இன்னொன்று. குடும்பக் குழுவில் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கடைகளில் தொங்குகிற அந்த "ஆண் பலம்" கோப்பிப் பாக்கெட்டுகளை யாரும் தொடாதீர்கள். சிலவற்றில் சில்டெனாபில், தடாலபில் என்கிற ஆண்மைக் குறைவு மருந்துகள் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு சோதனையில் கண்டுபிடித்திருக்கிறது, பெட்டியில் அதைப் போட்டிருக்க மாட்டார்கள். அதைக் குடித்தவர் இந்த நாக்கு மாத்திரையை வைத்தால் ரத்த அழுத்தம் அப்படியே இறங்கிவிடும், உயிருக்கே ஆபத்து.

9.53 – கணேசன்: 🙈

9.55 – மணியம்: நல்ல விஷயம் சொல்ல என்ன கூச்சம்.

9.58 – லெட்சுமி: அலமாரி மேலே ஒரு பெட்டி இருக்கிறது. யாரோ லக்கி டிராவில் கொடுத்தார்களாம்.

9.59 – முத்து: திறக்கவே இல்லை!

10.04 – ரவி: அம்மா, குப்பையில் போட்டுவிடுங்கள். அப்பாவுக்குச் செவ்வாய்க்கிழமை ஸ்பெஷலிஸ்ட் கிளினிக். 5 வெள்ளி சில்லறையும் மருந்துப் புத்தகமும் எடுத்து வையுங்கள். ராத்திரி ஜாகா வேலைக்கு எப்போது திரும்பலாம், எம்.சி. (மருத்துவ விடுப்பு) நீட்டிக் கொடுப்பார்களா என்று கேட்க வேண்டும். எனக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை.

10.06 – கணேசன்: நான் அழைத்துப் போகிறேன். ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் சாப்பிடாமல் இருக்கணும், அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள் அண்ணி. 6.30க்கு வாசலில் ஹாரன் அடிப்பேன்.