காங்கேயம் காளை போட்டோவை வெக்டர் படம் போல மாற்ற வழி சொல்லுங்க

வணக்கமுங்க. திருப்பூரில் பனியன் துணிக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறேன். ரேக்ளா பந்தயத்துக்குப் போட்டுக்கொள்ள, காங்கேயம் காளையின் தலையும் திமிலும் வருகிற மாதிரி டி-ஷர்ட் கேட்டிருக்கிறார்கள் ஊர்ப் பையன்கள். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். நாலு நிறத்துக்கு மேல் போனால் அவர்களுக்குக் கட்டுபடியாகாது.

ஜிம்ப் என்கிற படம் திருத்தும் மென்பொருளில்தான் வேலை. கலர் போட்டோவுக்கு போஸ்டரைஸில் (நிறப் படிகளைக் குறைக்கும் வசதி) 4 என்று வைத்தால் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 4 படி கணக்காகி 64 நிறம் வரை வந்துவிடும். அதனால் முதலில் கறுப்பு வெள்ளையாக்கி, மீடியன் பிளர் கொடுத்துப் பொடி விவரங்களை மழுக்கி, அப்புறம் போஸ்டரைஸ் செய்து, இங்க்ஸ்கேப் என்கிற வரைகலை மென்பொருளில் ட்ரேஸ் பிட்மேப் போட்டு வெக்டராக, அதாவது கோடும் வளைவுமான படமாக மாற்றுகிறேன்.

சிக்கல் திமிலில். கறுப்பு மெல்ல மெல்லச் சாம்பலாக மாறும் இடத்தில் ஓரமெல்லாம் பொடிப்பொடியாகச் சிதறுகிறது. பிளரைக் கூட்டினால் திமில் ஒரே வளைவாக, அவ்வளவு அழகாக வருகிறது. ஆனால் கண்ணில் மின்னும் அந்த வெள்ளைப் புள்ளி கரைந்துபோகிறது. கொம்பு நுனியும் மழுங்கிவிடுகிறது. பார்வையில் உயிர் இல்லாத காளையை மாடு வளர்க்கிறவர்கள் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கண்ணையும் கொம்பையும் மட்டும் மாஸ்க் போட்டு பிளர் படாமல் விடலாமா? இல்லை, அந்த இரண்டையும் இங்க்ஸ்கேப்பில் பென் டூலால் கையாலேயே வரைந்து மேலே வைப்பதுதான் சரியா? ட்ரேஸ் செய்யும்போது பொடிப் புள்ளிகளை நீக்கும் ஸ்பெக்கிள்ஸ் அளவை எவ்வளவு வைக்கிறீர்கள்? போட்டோஷாப்பின் கட்அவுட் ஃபில்டரில் இதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால், ஓரங்களை எளிமையாக்கும் எட்ஜ் சிம்ப்ளிசிட்டி அளவை எத்தனையில் வைத்தீர்கள் என்றும் சொல்லுங்க அண்ணா, அக்கா.