இங்கிலீஷ்ல 'பண்ணு'வுக்கு மேக்கா, டூவா? உதவுங்க

வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில மெர்ச்சண்டைசரா (ஆர்டர் விஷயமா பையர்கிட்ட பேசி முடிக்கற வேலை) இருக்கேன். ஊர் பெருமாநல்லூர் பக்கம், பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். 8 மாசமா வெளிநாட்டு பையர்களுக்கு, அதாவது துணி வாங்கறவங்களுக்கு, நானே இங்கிலீஷ்ல மெயில் எழுதறேன். இலக்கணம் ஓரளவு வருது. எந்தச் சொல்லோட எந்த வினை சேரும்ங்கறதுலதான் மாட்டிக்கறேன்.

நாம தப்பு பண்ணுவோம், வேலை பண்ணுவோம், முடிவு பண்ணுவோம். எல்லாத்துக்கும் ஒரே 'பண்ணு'. இங்கிலீஷ்ல தப்புன்னா 'மேக்', வேலைன்னா 'டூ'. ஆர்டர் போடறதுக்கு 'புட்' கிடையாது, 'பிளேஸ்'. போன வாரம் லேப் டிப் (நிறம் சரியான்னு பாக்க பையருக்கு அனுப்பற சாயம் போட்ட துணித் துண்டு) நிறம் மாறிப்போனதுக்கு 'வி டிட் எ மிஸ்டேக்'னு எழுதிட்டேன். பையர் அம்மா அனுப்புன பதில்ல 'யூ மேட் எ மிஸ்டேக்'னு இருந்துச்சு. அந்த 'மேட்'டையே ரொம்ப நேரம் பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

'உண்டாக்குனா மேக், செஞ்சா டூ'ங்கற விதியைப் பிடிச்சுப் பாத்தேன். சேதத்தை உண்டாக்கறதுக்கு 'டூ டேமேஜ்'னு வரவும் அது உடைஞ்சுபோச்சு. 'மேக்' சேர்ற சொல்லையெல்லாம் நோட்டுல எழுதி மனப்பாடம் பண்ணுனேன், அவசரத்துல ஒன்னும் ஞாபகம் வரமாட்டேங்குது. மொழிபெயர்ப்புச் செயலியில போட்டா மெயில் சரியா வருது, எனக்குப் பதியறதில்லை. வீடியோ கால்ல அதுவும் கைகொடுக்காதுங்களே. அடுத்த மாசம் பையர் நேர்லயே வர்றாங்க.

தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வந்தவங்க, மேக், டூ, டேக், ஹேவ் நாலும் பேசும்போதே தானா வர்ற மாதிரி எப்படிங்க பழகுனீங்க?