சுத்த ரிஷபம் எது? தில்லியில் இசை ஆசிரியர் ஆகப் படித்தவர்களின் அனுபவங்கள்

மலைமந்திர்வாசி எழுதியது:

பள்ளியில் பாட்டு ஆசிரியராக வேண்டும் என்பதற்காகவே இசையில் இளங்கலைப் பட்டம் படித்தவர்களின் அனுபவங்களை அறிய விரும்புகிறேன். கச்சேரி வாய்ப்புக்குக் காத்திருந்து, அது கிடைக்காமல் ஆசிரியர் ஆனவர்களை நான் கேட்கவில்லை. தொடக்கத்திலிருந்தே வகுப்பறையை மனத்தில் வைத்துப் படித்தவர்களைத்தான் கேட்கிறேன். என் கதையை முதலில் எழுதிவிடுகிறேன்.

நான் ராமகிருஷ்ணபுரத்தில் வளர்ந்தவள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் 7 பள்ளிகளுள் ஒன்றில் படித்தேன். ஏழு வயது முதல் பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை பக்கத்துக் குடியிருப்பில் இருந்த ஒரு மாமியிடம் கர்நாடக சங்கீதம் பயின்றேன். நாற்பது கீர்த்தனைகளுக்கு மேல் பாடமாகியிருந்ததால், கல்லூரி நுழைவுத் தேர்வு ஒரு பொருட்டே அல்ல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஊர்ப் பள்ளிகளில் வேலை வேண்டுமானால் ஹிந்துஸ்தானிதான் கைகொடுக்கும் என்று மாமியே சொல்லிவிட்டதால், ஹிந்துஸ்தானி வாய்ப்பாட்டுப் பிரிவுக்கு விண்ணப்பித்திருந்தேன்.

ச ரி க ம வரிசையின் இரண்டாம் சுரமான ரிஷபத்தை ஹிந்துஸ்தானியில் ரே என்பார்கள். தேர்வாளர் என்னிடம் “சுத்த ரே” பாடச் சொன்னார். நான் தயங்காமல் சுத்த ரிஷபத்தைப் பாடினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் கேட்டார். சுருதி சேரவில்லை என்கிறார் போலும் என்று எண்ணி, அதே சுரத்தை இன்னும் அழுத்தமாகப் பாடினேன். மூன்றாம் முறை அவரே ஆர்மோனியத்தில் அந்தக் கட்டையை அழுத்திக் காட்டிய பிறகுதான், அவர்களுடைய சுத்த ரே நம்முடைய சதுச்ருதி ரிஷபம் (சுத்த ரிஷபத்துக்கு மேலே உள்ளது) என்பதும், நம்முடைய சுத்த ரிஷபம் அவர்களுக்குக் கோமள் (தாழ்த்திய) ரே என்பதும் எனக்குப் புரிந்தது. ஆறாம் சுரமான தைவதத்திலும் இதே சிக்கல் உண்டு. மத்தியமம் மட்டும் நல்லவேளையாக இரு பக்கமும் ஒன்றுதான். பத்தாண்டுகள் பாடியவள், பெயர் மாறியதால் ஒரே நிமிடத்தில் ஒன்றும் தெரியாதவள் ஆகிவிட்டேன். எப்படியோ இடம் கிடைத்தது.

முதலாண்டு முழுவதும் இந்தத் தடுமாற்றம் என்னை விடவில்லை. தோடி என்று ஆசிரியர் சொன்னால் என் மனம் நம்முடைய தோடிக்குப் போகும். அவர்களோ அந்தச் சுரங்களை பைரவி தாட் (தாட் என்பது நம் மேளம் போன்ற தாய்ச் சுர வரிசை) என்பார்கள், அவர்களுடைய தோடி தாட்டின் சுரங்கள் நமக்குச் சுபபந்துவராளி. மோகனம் பூபாலியாகவும், ஹிந்தோளம் மால்கோன்ஸாகவும் பெயர் மாற்றிக்கொண்டு எதிரே வந்தபோது அடையாளம் தெரிந்தது. ஆனால் பாடத் தொடங்கியதும் என் தொண்டை தன் போக்கில் கமகம் போட்டது, அதாவது சுரத்தை அசைத்துப் பாடியது, வகுப்பில் சிரித்தார்கள். தாளமும் படுத்தியது. ஆதி தாளத்துக்கு விரல் எண்ணிப் பழகிய கை, தீன்தால் என்ற ஹிந்துஸ்தானி தாளத்தின் 16 மாத்திரைக்கும் தானாகவே விரல்களை மடக்கத் தொடங்கும். 1, 5, 13 ஆகிய இடங்களில் தட்டி, 9இல் மட்டும் கையை வீசிக் காலி (தட்டில்லாத இடம்) காட்டுவதற்கு அந்தக் கையைப் பழக்க எனக்கு ஒரு பருவம் முழுவதும் தேவைப்பட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நான் முட்டி மோதிக்கொண்டிருந்த அந்தப் பத்துத் தாட் முறையை வகுத்த ஹிந்துஸ்தானி இசை அறிஞர் பாத்கண்டே, 1904இல் தென்னாட்டுக்குப் பயணம் வந்து, எட்டயபுரத்தில் கர்நாடக இசை அறிஞர் சுப்பராம தீட்சிதரைச் சந்தித்து, நம்முடைய 72 மேளகர்த்தா (தாய் இராக) முறையைக் கூர்ந்து ஆராய்ந்தவர். இதைப் பாடப்புத்தகத்தில் படித்த அன்று, வடக்கே அந்நியமாகத் தெரிந்த வீட்டின் உள்ளறையில் நம் வீட்டுப் பழைய பெட்டி ஒன்றைக் கண்டதுபோல் இருந்தது. அதன்பிறகு பத்துத் தாட்டுகளுக்கும் பக்கத்தில் மேளத்தின் பெயரைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன்: பிலாவலுக்குச் சங்கராபரணம், காபிக்குக் கரகரப்பிரியா, மார்வாவுக்குக் கமனசிரமம். அந்த ஒரு தாளைப் பின்னாளில் வகுப்புத் தோழிகளும் படியெடுத்துக்கொண்டார்கள்.

பட்டம் எனக்கு இராகம், தாளம், வரலாறு எல்லாம் கொடுத்தது. நாற்பது குழந்தைகளை ஒரே நேரத்தில் எப்படிப் பாட வைப்பது என்பதை மட்டும் கொடுக்கவில்லை, ஏனெனில் கல்லூரியிலும் குரு ஒருவர், எதிரே ஏழெட்டு மாணவர் என்பதுதான் முறை. எனக்கு அதைக் கொடுத்தது ராமகிருஷ்ணபுரத்து முருகன் கோயிலான மலை மந்திரில் சிறுவயதில் அம்மாவோடு போய் உட்கார்ந்த திருப்புகழ் வழிபாடு. அங்கே முன்னால் இருப்பவர் ஓர் அடியைப் பாடுவார், கூடியிருப்பவர்கள் அதையே வாங்கிப் பாடுவார்கள். குரல் நன்றாக இருப்பவரும் இல்லாதவரும் அந்தக் கூட்டத்துக்குள் பயமின்றி வாய் திறப்பார்கள். முதலில் சந்தத்தை மட்டும் சொல்லி, நாக்கு பழகிய பிறகு சொற்களை ஏற்றுவதை நான் இன்றும் ஆறாம் வகுப்பில், ஹிந்திப் பாடலுக்குத்தான், செய்துகொண்டிருக்கிறேன்.

ஒரு கட்டைக்காரன் எழுதியது:

அக்கா எழுதியதைப் படித்ததும் என் பி.எட். பயிற்சிக் காலம் நினைவுக்கு வந்தது. 2015 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பாகிவிட்டதால், பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்தும் பயிற்சி எங்களுக்குச் சற்று நீண்டதாகவே கிடைத்தது. நான் ஒரு கட்டையில் பாடுபவன் (கட்டை என்பது சுருதியின் உயரம்; எண் கூடினால் சுருதியும் கூடும்). மூன்றாம் வகுப்புக்குப் போய், கணீரென்று ஒரு பாட்டைப் பாடிக் காட்டினேன். குழந்தைகளோ பாடவில்லை, முனகினார்கள். என் குரலின் ஸ்தாயியை அப்படியே பிடிக்க முயன்று, தங்களால் இறங்க முடியாத இடத்துக்கு இறங்கப் பார்த்திருக்கிறார்கள். சங்கீத ஞானம் இல்லாத குழந்தைகள் என்று அன்று பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன், அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுவாரம் மேற்பார்வைக்கு வந்த பேராசிரியை ஒன்றும் சொல்லாமல் ஆர்மோனியத்தை எடுத்து, அதே பாட்டை ஒரு ஸ்தாயி மேலே வாசித்தார். வகுப்பு முழுவதும் தெளிவாகப் பாடியது. அன்றுவரை ஆர்மோனியத்தை நான் மதித்ததில்லை. கமகம் வராத பெட்டி என்று என் குரு சொல்லுவார், அகில இந்திய வானொலியே 1940இல் அதைத் தடைசெய்து 1971 வரை ஒதுக்கி வைத்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுவார். கச்சேரிக்கு அவர் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் சுரம் எங்கே இருக்கிறது என்று இன்னும் காதில் ஏறாத குழந்தைக்கு, அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் சுரம்தான் முதலில் வேண்டும் என்பது என் அனுபவம்.

தேசிய கீதத்திலும் சூடுபட்டிருக்கிறேன். அதைப் பாடி முடிக்க ஏறத்தாழ 52 வினாடிகள் என்பது அரசு வகுத்த கணக்கு. முதன்முதலாகக் காலை வழிபாட்டை நடத்தச் சொன்னபோது பதற்றத்தில் ஐந்து கட்டையில் எடுத்துக் கொடுத்துவிட்டேன். இறுதியில் மேல் ஷட்ஜத்தை (மேல் ச) தொடும் இடம் வந்தபோது, குரல் உடைகிற பருவத்தில் இருந்த எட்டாம் வகுப்புப் பையன்கள் மொத்தமாக மௌனமாகிவிட்டார்கள். அந்த மேட்டில் சிறுமிகள் சிலரின் குரல் மட்டும் தனியே ஏறிப் போனது.

கரோல்பாக் அம்மா எழுதியது:

என் அனுபவம் பாட்டைப் பற்றியது அன்று, காகிதத்தைப் பற்றியது. நான் வேறு பாடத்தில் பட்டம் பெற்றவள். கர்நாடக இசையில் தேர்வுகள் எழுதிச் சான்றிதழ் வைத்திருந்தேன். ஒரு தனியார் பள்ளியில் நேர்காணலில் பாடச் சொல்லிக் கேட்டு, மிகவும் மகிழ்ந்து, வேலை உறுதி என்று சொல்லியனுப்பிய பிறகு, அலுவலகத்தில் இருந்தவர் இந்தச் சான்றிதழ் பட்டத்துக்கு இணையானதா என்று கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார். கேந்திரிய வித்யாலயாவின் தொடக்கநிலை இசை ஆசிரியர் பணிக்கும் 2022 அறிவிப்பில் பன்னிரண்டாம் வகுப்பில் 50 விழுக்காட்டு மதிப்பெண்ணோடு இசையில் இளங்கலைப் பட்டமோ அதற்கு இணையான தகுதியோ கேட்டிருந்தார்கள். எது இணை என்பதை அறிவிப்பில் வரி வரியாகப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எனக்கு இப்போது நாற்பத்தொன்று. இந்த வயதில் இளம்பிள்ளைகளோடு உட்கார்ந்து இசைப் பட்டம் படிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மலைமந்திர்வாசி எழுதியது:

கரோல்பாக் அம்மாவுக்கு: தாராளமாகப் படிக்கலாம். உங்களுக்கு இராகம் தெரியும். புதிதாக வரப்போவது பெயர்களும், எழுதும் முறையும், தாளம் போடும் கையும் மட்டுமே. பாத்கண்டே முறையில் கோமள சுரத்துக்கு அடியில் ஒரு கோடும், தீவிர (உயர்த்திய) மத்தியமத்தின் தலையில் ஒரு நிமிர்ந்த கோடும் போடுவார்கள். மேல் ஸ்தாயிக்கு மேலேயும் கீழ் ஸ்தாயிக்குக் கீழேயும் புள்ளி வைப்பது நமக்குப் பழகியதுதான். ஒரு மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். பிறகு நீங்கள் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இசைப் பாடம் எடுக்கப் போனால், சி.பி.எஸ்.இ.யில் எழுத்துத் தேர்வுக்கு 30, செய்முறைக்கு 70 என்று மதிப்பெண் இருப்பதால், உங்களுடைய இத்தனை ஆண்டுப் பாட்டு வீணாகாது.

வயதைப் பற்றிக் கேட்டதால் ஒன்று சொல்கிறேன். என் வகுப்பில் இராணுவ பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வு பெற்ற ஒருவர் படித்தார். எங்களுக்கு அவர் அங்கிள்; முதல் வரிசையில் உட்கார்ந்து, நாங்கள் கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகளையெல்லாம் கேட்பார். கல்லூரி விழாவுக்காகக் கூட்டுப்பாடல் ஒத்திகை நடந்தபோது நாங்கள் முப்பது பேரும் ஆளுக்கொரு நேரத்தில் தொடங்கிக்கொண்டிருந்தோம், ஆசிரியர் தாளம் போட்டும் பயனில்லை. அங்கிள் எழுந்து முன்னால் வந்தார், வலக் கையை மெதுவாக மேலே தூக்கினார், தூக்கும்போதே எல்லோரும் பார்க்கும்படி மூச்சை இழுத்தார். எங்களை அறியாமல் நாங்களும் மூச்சிழுத்தோம், கை இறங்கியதும் முப்பது குரலும் ஒன்றாக எழுந்தன. தம்பி எழுதிய தேசிய கீதச் சிக்கலில் பாதிக்கு இதுவே மருந்து. மீதிப் பாதிக்குச் சுருதியை ஒரு கட்டைக்கு இறக்கிக்கொள்ளுங்கள். எங்கள் பள்ளியில் இன்றும் நான் கையைத் தூக்கி மூச்சை இழுத்த பிறகுதான் காலை வழிபாட்டில் குழந்தைகள் வாய் திறக்கிறார்கள்.