புதுப்பிப்பு: கப்பலில் மாட்டியிருந்தவன் வீடு வந்துவிட்டேன்

2020 நவம்பரில், கொரோனா நேரத்தில், இங்கே புலம்பியிருந்தேன்: ஒன்பது மாத ஒப்பந்தம் முடிந்தும் சைன் ஆஃப் (வேலை முடித்துக் கப்பலை விட்டு இறங்குவது) இல்லை, கரையில் கால் வைக்க விடவில்லை, தூக்கமும் இல்லை என்று. "பைபிள் திறந்து பார் தம்பி" என்றார் ஒருவர். எரிச்சல்தான் வந்தது.

பதினான்காவது மாதம் இறங்கினேன். 2020 கடைசியில் என்னைப்போல் சுமார் 4 லட்சம் மாலுமிகள் கடலில் சிக்கியிருந்தார்கள். சர்வதேசச் சட்டப்படி 12 மாதத்தை எட்டவே கூடாது. சட்டம் காகிதத்தில் பத்திரமாக இருந்தது.

சரி, பைபிள். டிசம்பரில் ஒரு துறைமுகத்தில், மாலுமிகளுக்கு ஊழியம் செய்கிறவர்கள் மேலே வர அனுமதியில்லாமல் கேங்வே (கப்பலில் ஏறும் படி) அடியில் ஒரு பையை வைத்துவிட்டுப் போனார்கள். கம்பளித் தொப்பி, சாக்லேட், உள்ளங்கை அளவில் புதிய ஏற்பாடு. நான் தூத்துக்குடிக்காரன், ஞானஸ்நானம் வாங்கியவன்; பூசைக்குப் போவது கிறிஸ்துமஸ் ராத்திரி மட்டும். அதிலுள்ள பிலிப்பியருக்கு எழுதிய திருமுகம், அதாவது கடிதம், இயேசுவின் தூதரான பவுல் காவலில் இருந்தபோது எழுதியது என்பதே அப்போதுதான் தெரிந்தது. நாலே அதிகாரம். விலங்கு மாட்டியிருக்கிற ஆள் மகிழ்ச்சியாயிருங்கள் என்கிறார்! முதலில் கோபம். அப்புறம் வாட்ச் (என் வேலை முறை) முடிந்து, கையில் டீசல் வாசனை போகாமலே, தினமும் படித்தேன்.

பழைய காலண்டர் தாளின் பின்னால் நன்றி எழுத ஆரம்பித்தேன். முதல் நாள் ஒரே வரி: "குக் எனக்கென்று எடுத்துவைத்த அடிப்பிடித்த சோறு."

தூக்கம் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை, மருத்துவரிடம் போய்க்கொண்டிருக்கிறேன். பைபிள் சொன்ன அண்ணாச்சி, உங்களைத் திட்டிப் பதில் போட்டதற்கு மன்னிக்கவும்.