ப்ராடக்ட் மேனேஜர்: ‘மேலாளர்’ என்ற சொல் பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ப்ராடக்ட் மேனேஜர் என்ற வேலைப் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டிருந்த இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: தயாரிப்பு மேலாளர், உற்பத்தி மேலாளர், பொருள் மேலாளர், விளைபொருள் மேலாளர். நான்குமே எனக்கு நெருடுகின்றன. பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறவன் என்பதால், வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் சொல்லுக்கு வருகிறேன்.

பணம் அனுப்பும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘செயலி ரொம்ப மெதுவாக இருக்கிறது’ என்று புகார்கள் குவிகின்றன. வழங்கியை (சர்வர்) வேகப்படுத்தலாம் என்கிறார்கள் நிரலாளர்கள். திரையை மாற்றி அமைக்கலாம் என்கிறார் வடிவமைப்பாளர். விற்பனைப் பிரிவுக்கோ புதிய சலுகைப் பக்கம்தான் உடனே வேண்டும். ப்ராடக்ட் மேனேஜர் இந்த நேரத்தில் புகார்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறார். பயனர்கள் சிலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பணம் அனுப்புவதைப் பார்க்கிறார். பொத்தானை அழுத்திய பிறகு திரையில் எதுவுமே மாறுவதில்லை. பணம் போனதா இல்லையா என்று தெரியாமல், பயந்துபோய் மறுபடியும் அழுத்துகிறார்கள். சிலருக்கு இரண்டு முறை பணம் போய்விடுகிறது. மக்கள் ‘மெதுவு’ என்று சொன்னது இந்தத் தவிப்பைத்தான்.

அழுத்தியவுடன் ‘அனுப்பிக்கொண்டிருக்கிறோம்’ என்று திரை சொல்ல வேண்டும். அதே கோரிக்கை இரண்டாம் முறை வந்தால், வழங்கி அதை அடையாளம் கண்டு ஒதுக்க வேண்டும். இதை எழுதிவைப்பது, ஏன் இதுதான் முதலில் என்று குழுவுக்கு விளக்குவது, சலுகைப் பக்கம் இந்தக் காலாண்டில் கிடையாது என்று விற்பனைப் பிரிவிடம் நேரில் போய்ச் சொல்வது, வெளியிட்ட பிறகு இரட்டைப் பரிமாற்றங்கள் உண்மையிலேயே குறைந்தனவா என்று எண்ணிப் பார்ப்பது, எல்லாம் அவர் வேலை. இவற்றில் மிகக் கடினமானது எது என்று என்னைக் கேட்டால், ‘கிடையாது’ என்று சொல்வதுதான். நல்ல யோசனைக்கும் அதைச் சொல்ல வேண்டியிருக்கும், சொன்ன பிறகும் அதே ஆட்களோடு சேர்ந்து வேலை செய்தாக வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, பெரும்பாலான நிறுவனங்களில் அந்த நிரலாளர்களும் வடிவமைப்பாளரும் அவருக்குக் கீழே இருப்பவர்கள் இல்லை என்பது. அவர்களுடைய விடுப்பையும் சம்பள உயர்வையும் முடிவு செய்பவர் வேறொருவர். ப்ராடக்ட் மேனேஜர் சொல்வதை அவர்கள் ஏற்றுக்கொள்வது, அவர் கொண்டுவரும் சான்றுகளுக்காகவும் அவர்மேல் வைத்த நம்பிக்கைக்காகவும்தான்.

‘மேலாளர்’ என்பதில் எனக்குத் தயக்கம் இங்கேதான் வருகிறது. ‘மேல்’ என்ற முதல் பகுதியே யாருக்கோ மேலே இருப்பவரைக் காட்டுகிறது. ஆங்கிலத்திலும் மேனேஜர் என்றுதானே இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். அங்கேயும் அந்தப் பெயர் குழப்பம் தருகிறது, புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் தாங்கள் அதிகாரி என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். மைக்ரோசாஃப்டில் ஏறத்தாழ இதே வேலையைச் செய்தவர்களுக்கு நெடுங்காலம் ப்ரோக்ராம் மேனேஜர் என்று பெயர். ஆங்கிலத்திலேயே நிலைக்காத ஒரு பெயரை நாம் எழுத்துக்கு எழுத்து பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

இந்த வேலையின் தொடக்கத்தைப் பார்த்தாலும் இது தெளிவாகும். 1931-இல் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் கேமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்துவந்த நீல் மெக்எல்ராய் என்ற இளைஞர், ஒரு பொருளுக்கென்றே முழுப் பொறுப்பேற்கும் ஆட்கள் வேண்டும் என்று மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். எந்தப் பகுதியில் விற்பனை நன்றாக இருக்கிறது, எங்கே இல்லை, ஏன் இல்லை என்று அவர்கள் ஆராய்ந்து வழி சொல்ல வேண்டும் என்றார். பின்னாளில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைச் செயலாளராக ஆன அதே மெக்எல்ராய்தான். சோப்பைக் காய்ச்சும் ஆலைக்கு மேலாளர் கேட்டு அவர் அந்தக் குறிப்பை எழுதவில்லை. ஒரு பொருளின் கதி என்ன என்று காலை முதல் மாலை வரை யோசிக்க ஓர் ஆள் கேட்டார்.

சரி, சொற்களுக்கு வருவோம். ‘உற்பத்தி’ நிச்சயமாக வேண்டாம், அது தொழிற்சாலையில் உற்பத்தியைக் கவனிப்பவருக்கு ஏற்கெனவே போய்விட்டது. ‘தயாரிப்பு’ என்றவுடன் திரைப்படத் தயாரிப்பு நிர்வாகிதான் முதலில் நினைவுக்கு வருகிறார். ‘விளைபொருள்’ வேளாண்மையிலும் வேதியியல் பாடநூல்களிலும் நன்றாக வேரூன்றிவிட்டது.

‘பொருள்’ மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய சொல். ஒரு சொல்லின் அர்த்தமும் பொருள், செல்வமும் பொருள், கையில் எடுக்கும் பண்டமும் பொருள். போதாக்குறைக்கு மென்பொருளுக்குள்ளும் அது உட்கார்ந்திருக்கிறது. ‘மென்பொருள் பொருள் மேலாளர்’ என்று எழுதிப் பாருங்கள், நாக்கு தடுக்குகிறது. ஆனாலும் அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. கண்ணுக்குத் தெரியாததையும் பொருள் என்று சொல்லலாம். ஒரு வங்கிக் கணக்குத் திட்டத்தையோ தேடுபொறியையோ ‘பண்டம்’ என்று சொன்னால் ஒட்டாது.

அதனால் அதற்கு முன்னால் ஓர் அடை சேர்த்து, ‘பயன்பொருள்’ என்று ஆக்கலாம் என்று நினைக்கிறேன். பயனருக்குப் பயன் தர வேண்டும் என்பதற்காகவே செய்யப்படும் பொருள். பயனர் என்ற சொல் ஏற்கெனவே எல்லார் வாயிலும் புழங்குகிறது. பயனர், பயன்பாடு, பயன்பொருள் என்று ஒரே குடும்பமாகவும் அமைகிறது. செய்தவருக்கு எவ்வளவு அழகாகத் தோன்றினாலும், யாருக்கும் பயன் இல்லாவிட்டால் அது வெறும் பொருள்தான். இந்த வேலையின் உயிர்நாடியே இது என்பதால், பெயரிலேயே அது இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இரண்டாம் பகுதிக்கு ‘நெறியாளர்’. நெறி என்றால் வழி. எந்த வழியில் போகலாம் என்று வகுப்பவர் நெறியாளர். முனைவர் பட்ட ஆய்வுக்கும் தொலைக்காட்சி விவாதத்துக்கும் நெறியாளர்கள் இருக்கிறார்கள். ஆய்வை எழுதுபவர் மாணவர். விவாதத்தில் வாதிடுபவர்கள் விருந்தினர்கள். நெறியாளர் கேள்வி கேட்டு, திசை காட்டி, விலகிப் போகும்போது இழுத்துக்கொண்டு வருகிறார். நம் ஆள் செய்வதும் ஏறத்தாழ அதுவே. ஆக, என் முன்மொழிவு: பயன்பொருள் நெறியாளர்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் இரண்டை நானே சொல்லிவிடுகிறேன். இலங்கை வழக்கில் நாடக இயக்குநரை நெறியாளர் என்றும் அவர் செய்வதை நெறியாள்கை என்றும் சொல்வார்கள். அங்கே மேனேஜருக்கு முகாமையாளர் என்பதே வழக்கு, ப்ராஜெக்ட் என்பதைச் செயற்றிட்டம் என்பார்கள். எனவே இது அவர்களுக்கு எப்படி ஒலிக்கிறது என்று இலங்கை நண்பர்கள்தான் சொல்ல வேண்டும். ‘பயன்பொருள்’ என்ற அடை உடன் வருவதால் குழம்பாது என்று நம்புகிறேன். செயலி என்ற சொல் கணினியின் ப்ராசஸருக்கும் கைப்பேசியின் ஆப்புக்கும் சேர்ந்தே ஓடுகிறது, இடத்தைப் பார்த்து நாம் புரிந்துகொள்கிறோம்.

இரண்டாவது மறுப்பு, மென்பொருள் குழுக்கள் வேலையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறையில் ப்ராடக்ட் ஓனர் என்று இன்னொருவர் வருகிறாரே, அவரை என்னவென்று சொல்வது என்பது. ஓனர் என்பதை ‘உரிமையாளர்’ என்று மொழிபெயர்த்த கட்டுரை ஒன்றைப் படித்தேன், அவரே நிறுவனத்தின் முதலாளி என்று தோன்றியது. அடுத்து செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலை வரிசைப்படுத்தி, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதனால் ‘பயன்பொருள் பொறுப்பாளர்’ என்று அவரை வைத்துக்கொள்ளலாம். பல இடங்களில் இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்த்தாலும், எழுதும்போது இரண்டு சொற்கள் தேவைப்படுகின்றன. ப்ராஜெக்ட் மேனேஜருக்குத் ‘திட்ட மேலாளர்’ அப்படியே இருக்கட்டும். எப்போது முடியும், யார் செய்வது, எவ்வளவு செலவாகும் என்பவை அவருடைய கேள்விகள். திட்டத்துக்கு முடிவு நாள் உண்டு. பயன்பொருளுக்குப் பயனர் இருக்கும்வரை முடிவு கிடையாது.

எழுதும்போது எப்படி வருகிறது என்றும் பார்த்தேன். ‘இந்த வசதி ஏன் வேண்டும் என்று பயன்பொருள் நெறியாளரிடம் கேளுங்கள்.’ சரளமாக வருகிறது. ‘பயன்பொருள் நெறியாளர் தேவை’ என்று வேலை அறிவிப்பிலும் போடலாம். பேச்சில் வெறும் ‘நெறியாளர்’ என்று சுருங்கிவிடும், அதில் தவறில்லை.

ப்ராடக்ட் மேனேஜ்மென்ட் என்ற துறைப் பெயருக்கு மட்டும் இன்னும் மனம் ஒப்பவில்லை. ‘பயன்பொருள் நெறியாள்கை’ நீளமாக இருக்கிறது, ‘பயன்பொருளியல்’ என்றால் பொருளியல் பாடம்போல் ஒலிக்கிறது. உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். விக்சனரி என்ற இணைய அகராதியில் வேலைப் பெயர், துறைப் பெயர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாம்.